இன்னும் மூன்று கிலோ ஏற வேண்டுமாம்

அக்காவின் காப்புறுதி விஷயத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். நிறையைக் குறைக்கும் சத்திரசிகிச்சைக்குக் காசு தர முடியாது என்று காப்புறுதிக் கொம்பனி அனுப்பிய கடிதத்தைப் படம் எடுத்துப் போட்டேன், அதற்குக் கீழே வந்த கருத்துகளையும் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதப் பொறுமை இல்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

அக்காவின் உயரம் 155 சென்ரிமீற்றர், நிறை 81 கிலோ. உயரத்துக்கு நிறை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. கணக்குப் பார்த்தால் 33.7 வரும். காப்புறுதிக்காரர் கேட்பது 35. அதற்கு 84 கிலோவுக்கு மேலே போக வேண்டும். இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்வது நல்லது என்று கொழும்பில் பார்த்த நிபுணர் எழுதித் தந்தார். எத்தனை வருடமாகச் சீனி வருத்தம், எவ்வளவு இன்சுலின் போகிறது, பிரஷருக்கு என்ன குளிசை என்று எங்கள் கிளினிக் டொக்டரும் விவரமாக எழுதித் தந்தார். இரண்டு கடிதத்தையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஒரே ஒரு எண்ணைப் பார்த்து முடியாது என்று அனுப்பியிருக்கிறார்கள். தொலைபேசியில் கதைத்த பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னார், "35 வந்த பிறகு திரும்ப விண்ணப்பியுங்கோ மிஸ்" என்று. சீனி வருத்தக்காரி ஒருத்தி இன்னும் மூன்று கிலோ ஏறினால் சிகிச்சைக்குக் காசு தருவார்களாம், இப்போதைய நிலையில் தரமாட்டார்களாம். வீடு பாதிதான் இடிந்திருக்கிறது, முழுதாக இடிந்த பிறகு வா, வீட்டுத்திட்டம் தருகிறோம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நான் கேட்பது ஒன்றுதான். நோயைப் பாருங்கள். நோய் உடம்புக்குள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்.

இந்த 35 எங்கிருந்து வந்தது? 1991 இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு சொன்னது அது: பி.எம்.ஐ. 40, கூடவே கடுமையான நோய் இருந்தால் 35. எங்களைப் போன்ற ஆசிய உடம்புக்கு அதைவிடக் குறைந்த எண்ணிலேயே சீனி வருத்தமும் இருதய வருத்தமும் வந்துவிடுகிறது. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு அப்படி. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இலேயே ஆசியர்களுக்கு 23 இலிருந்து கவனிக்க வேண்டும், 27.5 க்கு மேலே ஆபத்து அதிகம் என்று எழுதிவிட்டது. 2022 இல் அமெரிக்காவின் உடற்பருமன் சத்திரசிகிச்சைச் சங்கமும் அதே துறையின் சர்வதேசச் சம்மேளனமும் சேர்ந்து 1991 கணக்கை மாற்றின. சீனி வருத்தம் போன்ற நோய் இருந்தால் 30 இலிருந்தே யோசிக்கலாம், ஆசியர் என்றால் 27.5 இலிருந்தே இந்தச் சிகிச்சையை முன்வைக்கலாம் என்று. அந்தக் கணக்கில் அக்கா எப்போதோ தகுதி. இந்தியாவிலும் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணையம் 2019 இல் போட்ட விதியில் 40, கடும் நோய் இருந்தால் 35 என்றுதான் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து நாட்டிலும் பழைய கணக்கு இருக்கிறது என்பதால் அது எங்கள் உடம்புக்குச் சரியாகிவிடாது.

"வாயைக் கட்டினால் எல்லாம் சரி" என்று எழுதிய தம்பிக்கு. அக்கா தேநீருக்குச் சீனி போட்டு எவ்வளவோ காலம். இரவில் அரைக் கோப்பைக் குரக்கன் புட்டு, கீரை, அவ்வளவுதான். விடியப்புறம் இரணைமடுக் குளக்கட்டில் நடக்கிற ஆட்களைக் கேளுங்கள், அக்காவைத் தெரியாதவர் இல்லை. இன்சுலின் போடத் தொடங்கினால் நிறை ஏறும் என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? நோய்க்காகப் போடுகிற மருந்தால் நிறை ஏறுகிறது, அந்த நிறைக்காக ஏச்சு வாங்க வேண்டியிருக்கிறது, அதே நிறை போதாது என்று காப்புறுதியும் இல்லை.

"சாப்பாடில்லாமல் கிடந்த சனத்துக்கு இப்ப கொழுப்புக் கூடிப் போச்சு" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை அழித்துவிட்டார், நான் பார்த்துவிட்டேன். போரில் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் நாங்கள் இருந்தபோது அக்கா எலும்பும் தோலுமாக இருந்தார். நிவாரணமாக வந்த அரிசியும் மாவும் பருப்பும் சீனியும்தான் சாப்பாடு. தன் பங்கில் பாதியை எனக்குத் தந்த மனுசி அவர். அவரைப் பார்த்து இதை எழுதக் கை வந்ததா?

அம்மாவுக்கும் இதே வருத்தம்தான். பெருவிரலில் ஒரு சின்னக் கொப்புளம், செருப்புக் கடித்தது என்று விட்டுவிட்டார். பிறகு விரல் கறுத்தது. மருந்து கட்டும்போது துணியை அவிழ்த்தால் வருகிற மணம், பஞ்சால் துடைக்கும்போது அம்மா வலிக்கவில்லை என்று சொல்வது, நரம்பு செத்துப்போனதால்தான் வலிக்கவில்லை என்று எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள். அந்தத் துணியை மாற்றியது அக்காதான். தன் காலை ஒவ்வொரு இரவும் கண்ணாடி வைத்துப் பார்க்கிற ஆளிடம் போய் "பொறுங்கோ" என்கிறீர்கள்.

சத்திரசிகிச்சையும் ஆபத்துத்தானே என்கிறார்கள். ஆபத்து இருக்கிறது. இரத்தக்கசிவு, தையல் கசிவு, வாழ்நாள் முழுக்க விற்றமின் குளிசை எல்லாவற்றையும் நிபுணர் உட்கார வைத்துச் சொன்னார், அக்கா கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார். கொம்பனியும் வியாபாரம் செய்ய வேண்டாமா என்று ஒருவர். செய்யட்டும். மாதாமாதம் சம்பளத்தில் வெட்டும்போது அக்காவின் பி.எம்.ஐ. யாரும் கேட்கவில்லை.

அரச ஆஸ்பத்திரியில் இலவசம்தானே என்பது நியாயமான கேள்வி. இலவசம்தான், அதற்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் இந்தச் சத்திரசிகிச்சைக்கு வன்னியிலிருந்து கொழும்புக்குத்தான் போகச் சொன்னார்கள். காத்திருப்போர் வரிசை நீளம், ஒவ்வொரு பரிசோதனைக்கும் இரவு பஸ்ஸில் ஏ9 வீதி வழியே போய் வர வேண்டும், கூடப் போகிற ஆளுக்கும் லீவு வேண்டும். பிறகும் தொடர்ந்து காட்ட வேண்டும். காப்புறுதி என்று ஒன்றை ஏன் கட்டுகிறோம்?

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட முடியாது. அக்காவை நிறை பார்க்கச் சொன்னது ஒரு அலுவலக நடைபாதையில். ஆட்கள் வரிசையில் நிற்க, தராசில் ஏற்றி, எண்ணைச் சத்தமாக வாசித்தார்கள். பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார், வீட்டில் வந்துதான் அழுதார். குண்டான பெண் என்றால் யாரும் எதுவும் கேட்கலாம், எதுவும் சொல்லலாம் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. கலியாண வீட்டில் பந்தியில் இருக்கும்போது "இன்னும் சோறு போடவோ" என்று கேட்டுச் சிரிக்கிற மாமிமாரும் இதில் அடக்கம். உங்களுக்கு அது பகிடி. அக்கா இப்போது கலியாண வீடுகளுக்குப் போவதில்லை.

மேன்முறையீட்டுக் கடிதம் எழுதியாகிவிட்டது. நிபுணரின் கடிதத்தையும் 2022 வழிகாட்டலின் பிரதியையும் இணைத்திருக்கிறோம். அதற்கும் முடியாது என்றால் காப்புறுதி முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மனிடம் போவோம். இதே காரணம் சொல்லி மறுக்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள், பெயர் வெளியே வராது. உணவுக் கட்டுப்பாட்டு அட்டவணையும் மூலிகைத் தூள் விளம்பரமும் அனுப்புகிறவர்கள் தயவுசெய்து அனுப்பாதீர்கள், அக்காவும் இந்தப் பக்கத்தைப் பார்க்கிறார்.