மேக்மில்லன் செவிலியர் குறித்து ஒரு திருத்தம்

"மேக்மில்லன் செவிலியர்கள் மேக்மில்லன் என்ற புற்றுநோய்த் தொண்டு நிறுவனத்தின் ஊழியர்கள், மரணம் நெருங்கும்போதுதான் வருவார்கள்" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியல்ல. பிரிட்டனில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் இச்செவிலியர்களில் பெரும்பாலோர் அரசின் பொது மருத்துவ அமைப்பான தேசிய சுகாதார சேவையின் ஊழியர்களே. புதிய பணியிடத்துக்கான செலவை நிறுவனம் பெரும்பாலும் தொடக்கத்தில் சில ஆண்டுகள் ஏற்கிறது. பின்னர் சுகாதார சேவை அப்பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகும் பெயர் நிலைத்துவிடுவதால் இக்குழப்பம் எழுவது இயல்புதான்.

இரண்டாவது கூற்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. அதை நம்புவோர் உதவி கேட்கவே அஞ்சக்கூடும். நோய் கண்டறியப்பட்ட நாளிலிருந்தே இவர்கள் உடனிருக்க முடியும். 'புற்றுநோய்' என்ற சொல்லைக் கேட்டபின் மருத்துவர் சொன்ன வேறெதுவும் மனதில் பதியாமல் அமர்ந்திருப்பவரிடம், அதையே எளிய சொற்களில் பொறுமையாக மறுபடி விளக்கி, சந்தேகம் எழுந்தால் யாரை அழைக்க வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுப்பதும், உடன் வந்திருக்கும் குடும்பத்தாரின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் இவர்களின் பணியே. சிகிச்சை முடிந்து குணமடைந்து வருவோரும் இவர்களிடம் பேசுகிறார்கள்.

செவிலியரின் உதவிக்குக் குடும்ப மருத்துவரோ மருத்துவமனைக் குழுவோ பரிந்துரைக்க வேண்டும். ஆனால் 1911இல் டக்ளஸ் மேக்மில்லன் தொடங்கிய இந்நிறுவனத்தின் இலவசத் தொலைபேசி உதவிக்கு எந்தப் பரிந்துரையும் தேவையில்லை. நோயாளியோ உறவினரோ நேரடியாகவே அழைக்கலாம்.