ஒரே ஸ்டாஃப் ரூம், நான்கு சம்பளம்

நான் வாங்கிய முதல் சம்பளம் 4,500 ரூபாய். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது வேறு தொகைக்கு. பி.எட். முடித்துவிட்டு 2011 அக்டோபரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்தேன். எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு அந்த வருஷம் நான் மூன்றாவது கணக்கு டீச்சர். முதல் டீச்சர் ஆவணியில் கல்யாணமாகிப் போய்விட்டார். இரண்டாவது டீச்சர் ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போனவர், திரும்பி வரவே இல்லை. அதனால்தானோ என்னவோ, நான் சேர்ந்த அன்றைக்கே என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள்.

ஒன்றேகால் வருஷம் தாக்குப்பிடித்தேன். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஏழாயிரம் தருகிறோம் என்றார்கள், கிளம்பிவிட்டேன். சான்றிதழைத் திரும்ப வாங்க ஒரு மாதச் சம்பளத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. வேலையை விட்டது ஜனவரியில், அதாவது பிள்ளைகள் ஆண்டுத் தேர்வுக்குத் தயாராகும் நேரத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் உறுத்தும். எனக்கு அடுத்து வந்தவர் எத்தனை மாதம் இருந்தாரோ.

இந்தப் பழங்கதை ஞாபகம் வந்ததற்குக் காரணம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழு. 'அரசுப் பள்ளி டீச்சருக்கு 80 ஆயிரம், தனியார் பள்ளி டீச்சருக்கு 8 ஆயிரம். எந்தப் பள்ளிக்கு உங்கள் பிள்ளையை அனுப்புவீர்கள்?' என்று ஒரு ஃபார்வர்டைச் சித்தப்பா போட்டிருந்தார். என் அக்கா அரசு நடுநிலைப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை, அதாவது சின்ன வகுப்புகளுக்கான டீச்சர். அவளும் பார்த்துவிட்டாள். பதில் போடவில்லை. நான் பதில் எழுத ஆரம்பித்தேன், அது குழுவில் போடும் நீளத்தைத் தாண்டிவிட்டது. அதனால் இங்கே.

முதலில் சித்தப்பா பக்கம் இருக்கும் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சம்பளத்தைக் கூட்டினாலே படிப்பு உயர்ந்துவிடும் என்பது உண்மையில்லை. இந்தோனேசியாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2005இல் ஒரு சட்டம் போட்டு, தகுதிச் சான்று பெற்ற ஆசிரியர்களுக்கு அடிப்படைச் சம்பளம் எவ்வளவோ அவ்வளவு தொகையைப் படியாகவும் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட இரட்டைச் சம்பளம். கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட நான்கு பொருளாதார ஆய்வாளர்கள் அங்கே 360 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, அதில் ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மட்டும் அந்தப் படி சீக்கிரம் கிடைக்க வழி செய்து பார்த்தார்கள். ஆசிரியர்களுக்குச் சந்தோஷம். பணக்கஷ்டம் குறைந்தது, கூடவே பார்த்துவந்த இரண்டாவது வேலையைப் பலர் விட்டார்கள். ஆனால் இரண்டு, மூன்று வருஷம் கழித்தும் பிள்ளைகளின் மதிப்பெண்ணில் ஒரு மாற்றமும் இல்லை. 2018இல் அந்த ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது.

ஆக, ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு, ஏற்கெனவே கௌரவமான சம்பளம் வாங்குபவருக்கு, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் அவர் மறுநாளிலிருந்து வேறு மாதிரிப் பாடம் நடத்தப்போவதில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எனக்குச் சம்பளம் கூட்டினால் நான் டேலி மென்பொருளில் கணக்கை இன்னும் வேகமாகவா பதிவேன்? ஆனால் அந்த ஆய்வு பார்த்தது ஏற்கெனவே உள்ளே இருந்த ஆட்களை. நல்ல சம்பளம் என்று தெரிந்தபின் அடுத்த பத்து வருஷத்தில் யார் யார் இந்த வேலைக்கு வருவார்கள் என்பதை மூன்று வருஷத்தில் பார்க்க முடியாது. ஃபார்வர்டு போடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் விட்டுப்போகிறது. 'அரசுப் பள்ளி டீச்சர் சம்பளம்' என்று ஒரே ஒரு சம்பளம் இருப்பதாக நினைத்துக்கொண்டு பேசுகிறார்கள். சம்பளப் பட்டியல் பார்ப்பது என் பிழைப்பு. அக்கா பள்ளியின் ஸ்டாஃப் ரூமில் தலைமை ஆசிரியரை விட்டுவிட்டு எண்ணினால், ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டிபன் பாக்ஸ் திறக்கிற நான்கு பேருக்கு நான்கு விதமான சம்பளம்.

ஒருவர் அக்காவின் சீனியர், 2009 மே மாதத்துக்கு முன்னால் சேர்ந்த இடைநிலை ஆசிரியை. அக்கா சேர்ந்தது ஜூலையில். இரண்டு பேருக்கும் ஒரே படிப்பு, ஒரே பதவிப் பெயர், ஒரே வேலை. ஆறாவது ஊதியக் குழு வந்தபோது, 31.5.2009 வரை பணியில் இருந்தவர்களின் பழைய அடிப்படைச் சம்பளம் 4,500ஐ 1.86ஆல் பெருக்கி 8,370 என்று நிர்ணயித்தார்கள். 1.6.2009இலிருந்து சேர்ந்தவர்களை நேராக 5,200இல் வைத்தார்கள். வித்தியாசம் 3,170 ரூபாய். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அகவிலைப்படி அடிப்படைச் சம்பளத்தின் மேல்தானே ஏறும்? ஒவ்வொரு உயர்விலும் அந்த இடைவெளியும் சேர்ந்தே வளர்ந்தது. 'சம வேலைக்குச் சம ஊதியம்' என்று இவர்கள் போராடிய செய்தி வரும்போதெல்லாம் கீழே ஒருவர் 'இவங்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் பத்தாது' என்று எழுதியிருப்பார். 2018 டிசம்பரில் சென்னையில் உண்ணாவிரதம் இருந்து வரிசையாக மயங்கி விழுந்தார்களே, அந்தக் கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். கையில் ட்ரிப்ஸ் ஊசித் தழும்போடு வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது.

மூன்றாவது ஆள் ஓவிய ஆசிரியர். பகுதி நேரம். 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை, கணினி என்று 16,549 பேரை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்களே, அவர்களில் ஒருவர். வாரத்துக்கு மூன்று அரைநாள் என்பது ஏற்பாடு. பன்னிரண்டு வருஷம் கழித்து, 2024இல் அவர் தொட்ட சம்பளம் 12,500. அந்தப் பன்னிரண்டு வருஷமும் மே மாதத்துக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. மே மாதத்தில் மட்டும் இவர்களுக்குப் பசிக்காது என்று எந்த அதிகாரி கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. 2021 தேர்தலில் இவர்களைப் பணி நிரந்தரம் செய்வோம் என்பது திமுகவின் 181ஆவது வாக்குறுதி. அந்த எண் அவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவரை ஒருமுறை பார்த்திருக்கிறேன். அக்காவை அழைக்கப் போயிருந்தேன். வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்தி, அதன் சீட்டின் மேல் பள்ளி லேப்டாப்பை வைத்துக்கொண்டு பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் ஏதோ பதிவேற்றிக்கொண்டிருந்தார். அந்த மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்குமாம். கை விரலிடுக்கில் நீலப் பெயின்ட். காலையில் ஒரு கடைக்குப் போர்டு எழுதிவிட்டு வந்திருக்கிறார். அவருக்கு அன்றைக்குப் பள்ளி நாளே இல்லை. "கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள் நான் ஒருத்தன்தான், ஹெச்.எம். கூப்பிட்டா வரமாட்டேன்னு சொல்ல முடியுமாங்க?" என்றார். கணக்கு டீச்சர் லீவு போட்டால் எட்டாம் வகுப்புக்கும் இவர்தான் போவாராம். கணக்கா நடத்துவீர்கள் என்று கேட்டேன். "வட்டம், முக்கோணம் வரைக்கும் நம்ம ஏரியாதானே" என்று சிரித்தார்.

நான்காவது ஆள் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாக வந்த தற்காலிக அறிவியல் டீச்சர். 2022இல் காலிப் பணியிடங்களுக்கு இப்படித்தான் ஆள் எடுத்தார்கள். மாதச் சம்பளம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்கும் முதுகலை ஆசிரியருக்கு 12,000. பின்னர் 12, 15, 18 ஆயிரமாக உயர்த்தினார்கள், சரி. ஆனால் ஒரு முதுகலை ஆசிரியரை முறையாக நியமித்தால் தொடக்க அடிப்படைச் சம்பளமே 36,900. ஒரு பள்ளியில் பிளஸ் டூ இயற்பியலுக்கு இந்தச் சம்பளத்தில் ஆள், பக்கத்து ஊர்ப் பள்ளியில் அந்தச் சம்பளத்தில் ஆள். பொதுத் தேர்வில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளுக்கும் வினாத்தாள் ஒன்றுதான். காலியிடம் பெரும்பாலும் எங்கே விழும்? பேருந்து சரியாகப் போகாத ஊரில், இடமாறுதல் கலந்தாய்வில் யாரும் விரும்பி எடுக்காத ஊரில். நிலையான டீச்சர் யாருக்கு அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஏப்ரலில் முடிந்துபோகிற டீச்சர்.

என் வாதம் இவ்வளவுதான். மேல்தட்டில் இருப்பவருக்குக் கூட்டிக் கொடுத்தால் படிப்பு உயருமா என்றால் எனக்குச் சந்தேகம். அடித்தட்டில் இருப்பவருக்கு இப்படிக் கொடுத்தால் படிப்பு கெடுமா என்றால் சந்தேகமே இல்லை. நானே கெடுத்திருக்கிறேன், எட்டாம் வகுப்பு பி பிரிவில்.

இங்கே ஒருவர் வந்து, 'கொரோனாவுக்குப் பின் அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளில் மாதம் ஆயிரம் ரூபாய்க்குத் தன்னார்வலர்கள் நன்றாகத்தானே நடத்தினார்கள்?' என்பார். நடத்தினார்கள்தான். கொரோனாவில் விட்டுப்போன படிப்பை மீட்டதில் ஏறக்குறைய கால் பங்கு அந்தத் திட்டத்தால் வந்தது என்று ஆய்வே சொல்கிறது. எங்கள் தெருவில் அது நடந்ததைப் பார்த்தவள் நான். திண்ணையில் இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், முழுக்க முழுக்கப் பாடம். பதிவேடு, மீட்டிங், 'உடனே அனுப்பவும்' என்று வருகிற மெசேஜ் எதுவும் அந்தத் திண்ணைக்கு வரவில்லை. அக்காவிடம் இருபது பிள்ளைகளைக் கொடுத்து ஒன்றரை மணி நேரம் யாரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் அவளும் செய்வாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அவள் ஒருத்திதான். அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி பிள்ளைகளைக் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று குழு பிரித்து உட்கார வைத்து முடிப்பதற்குள் யாராவது சத்துணவுக் கணக்கு கேட்பார்கள், அல்லது வாக்காளர் பட்டியல் வேலைக்குக் கூப்பிடுவார்கள். இதெல்லாம் சம்பளத்தால் தீராது, ஆள் போட்டால்தான் தீரும். ஒரு பள்ளிக்கு ஒரு எழுத்தர் கொடுத்தால், ஆசிரியருக்கு இரண்டு ஊக்க ஊதியம் கொடுப்பதைவிடப் பிள்ளைகளுக்கு லாபம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று, ஆயிரம் ரூபாய்க்கு ஆள் கிடைத்தது நம் சாமர்த்தியம் இல்லை. பி.எட். முடித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பெண்கள் அத்தனை பேர் ஊருக்குள் இருந்ததால் கிடைத்தார்கள்.

மதிப்பெண்ணுக்கு ஏற்ற போனஸ் கொடுக்கலாமே என்றும் ஒரு யோசனை உண்டு. ஆந்திரக் கிராமப் பள்ளிகளில் இதே முரளிதரனும் இன்னொருவரும் செய்து பார்த்தார்கள். ஆண்டுச் சம்பளத்தில் சராசரியாக மூன்று சதவீதம்தான் போனஸ், பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆசிரியர்கள் லீவு எடுப்பது குறையவில்லை. வந்த நாளில் கூடுதலாக வேலை செய்தார்கள், வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், ஸ்பெஷல் கிளாஸ் வைத்தார்கள். நம் ஊரில் இதைக் கொண்டுவர எனக்குப் பயம். நூறு சதவீதத் தேர்ச்சி காட்டுவதற்காகச் சுமாராகப் படிக்கிற பையனை ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்புகிற பள்ளிகளைப் பார்த்த ஊர் இது.

போன ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அம்மா வீட்டில் இருந்தோம். அக்கா மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கில் 96. பி.எஸ்சி. கணிதம் படித்து பி.எட். போகட்டுமே என்று அம்மா சொன்னாள். அக்கா பதில் சொல்லாமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "ஏண்டி, டீச்சர் வேலைக்கு என்ன குறைச்சல்?" என்றாள் அம்மா.

"எந்த டீச்சரும்மா?" என்றாள் அக்கா.