கட்டுரைக்கு இவ்வளவு என்று கூகுள் பணம் தருகிறதா?

‘300 சொற்களில் கட்டுரை எழுதி வெளியிட்டால் ஒவ்வொன்றுக்கும் கூகுள் உடனே பணம் தரும், பதிவுக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. கூகுளின் ஆட்சென்ஸ் திட்டம் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கோ நீளத்துக்கோ பணம் தருவதில்லை; தளத்தில் காட்டப்படும் விளம்பரங்களின் வருவாயில் ஒரு பங்கையே, அதுவும் டாலர் கணக்கு என்றால் இருப்பு 100 டாலரை எட்டிய பிறகே, அனுப்புகிறது. அதில் சேரக் கட்டணம் கிடையாது. பிறர் எழுத்தை நகலெடுத்து நிரப்பிய தளங்களை அதன் விதிகள் ஏற்பதில்லை என்பதை அந்தச் செய்தி வசதியாக மறந்துவிடுகிறது. இவை அனைத்தும் ஆட்சென்ஸ் உதவிப் பக்கங்களிலேயே உள்ளன. எவரும் படித்துப் பார்க்கலாம். செய்தி உங்களுக்கு வந்திருந்தால், தயவுசெய்து மேலும் பகிராமல், அனுப்பியவருக்கு இவ்விவரத்தைத் தெரிவியுங்கள்.