ஒரு பந்தை வரைந்து பாருங்கள்

போனில் கையால் வரைந்து அனிமேஷன் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த ஆப் நல்லது?" என்றுதான். ஃபிளிப்பாகிளிப் போதும், ரஃப் அனிமேட்டரும் நன்றாக இருக்கும். ஆனால் எதை எடுத்தாலும், நாம் வரைந்த இரண்டு படங்களுக்கு இடையே வரவேண்டிய நடுப்படங்களைத் தானே போட்டுக் கொடுக்கும் வசதியை முதல் சில மாதங்களுக்குத் தொடாதீர்கள். இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன்.

ஏன் என்று சொல்கிறேன். நான் முதலில் வரைந்தது கீழே விழும் ஒரு பந்து. எல்லாப் படங்களிலும் ஒரே இடைவெளி விட்டிருந்தேன். ஓட்டிப் பார்த்தால் பந்து விழவில்லை, லிஃப்ட்டில் இறங்கியது! அப்புறம்தான் புரிந்தது. விழும் பொருள் ஒவ்வொரு பிரேமிலும், அதாவது திரையில் ஒரு படம் வந்துபோகும் கணத்தில், கடக்கும் தூரம் 1, 3, 5, 7 என்று கூடிக்கொண்டே போகும். அதனால் மேலே படங்கள் நெருக்கமாகவும், கீழே வர வர விலகியும் இருக்க வேண்டும். தரையைத் தொடும் ஒரே ஒரு பிரேமில் பந்தை நசுக்கி, பக்கவாட்டில் அகலமாக்கினேன். அந்த நொடியில் அதற்கு எடை வந்துவிட்டது. மென்பொருளே இடைவெளியைப் போட்டிருந்தால் இது என் கைக்குத் தெரிந்திருக்காது.

இதற்கெல்லாம் துணை ஆனியன் ஸ்கின். முந்தைய படம் மங்கலாக அடியில் தெரிய, அதன் மேல் அடுத்ததை வரைகிறோம். 1908-இல் எமில் கோல் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஏறக்குறைய 700 படங்கள் வரைந்து இரண்டு நிமிடத்துக்கும் குறைவான ஒரு படம் எடுத்தார். அடியிலிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடியில் ஒரு படத்தை வைத்து, அதன் மேல் அடுத்ததை வரைந்தார். அந்தக் கண்ணாடிதான் இன்று நம் சட்டைப்பையில் இருக்கிறது. நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

வேகத்துக்கு நொடிக்கு 12 பிரேம் போதும். சினிமாவில் 24 பிரேம் ஓடினாலும், ஒரே படத்தை இரண்டு பிரேமுக்கு நிறுத்தி 12 படத்திலேயே முடிப்பது பழைய வழக்கம். திரையில் வரையும் பேனாவான ஸ்டைலஸ் இல்லையா? சரி, பெரிதாக்கிக்கொண்டு விரலாலேயே வரையுங்கள்.

கோடு ஒவ்வொரு பிரேமிலும் லேசாக நடுங்கும். அதை அழித்துத் திருத்த வேண்டாம். அசையாமல் நிற்கும் உருவத்தைக்கூட இரண்டு மூன்று முறை வரைந்து மாற்றி மாற்றி ஓட்டினால், அந்த நடுக்கத்தாலேயே அது மூச்சு விடுவதுபோல் இருக்கும்.