சிம்மாசனம் திருச்சபைக்குக் காவலாக இருந்ததா?

ஜெர்மன் பேசும் நாடுகளில் கத்தோலிக்க முடியாட்சி திரும்ப வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். 1918 வரை ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தில் ஒருவர் வியன்னாவில் மீண்டும் முடிசூடினால் விசுவாசமும் தானாகவே தழைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு. அந்த வம்சத்தின் கடைசிப் பேரரசர் கார்லுக்கு 2004-ல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கொடுத்ததைச் சான்றாகக் காட்டுவார்கள். கார்ல் நல்லவர்தான், முதல் உலகப் போரின் நடுவிலேயே சமாதானத்துக்கு ரகசியத் தூது விட்டவர். அந்த ஒருவரை வைத்து வம்சம் முழுவதையும் பீடத்தில் ஏற்ற முடியுமா?

அதே வம்சத்தில் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆண்ட பேரரசர் இரண்டாம் யோசேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியோ மருத்துவமனையோ நடத்தாமல் ஜெபத்திலேயே இருக்கும் துறவிகள் நாட்டுக்கு எதற்கு என்று கேட்டு, சுமார் 700 மடங்களை மூடியவர். பீடத்தில் எத்தனை மெழுகுவர்த்தி எரியலாம் என்பதற்குக்கூடச் சட்டம் போட்டார். பிரஷ்ய அரசர் பிரெடரிக் அவரைக் கோயில்பிள்ளை (தேவாலயப் பணியாள்) என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1784-ல் வந்த ஆணைதான் உச்சம்: அடிப்பலகை திறந்துகொள்ளும் சவப்பெட்டி. உடல் குழிக்குள் விழுந்ததும் பெட்டி அடுத்த பிணத்துக்குப் போய்விடும், மரம் மிச்சம். மக்கள் கொதித்தெழவே சில மாதங்களில் பின்வாங்கினார். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே திருத்தந்தை ஆறாம் பயஸ் ரோமிலிருந்து வியன்னாவுக்கே நேரில் வந்து மன்றாடிப் பார்த்தார். உபசாரத்துக்குக் குறைவில்லை, கிடைத்ததுதான் ஒன்றுமில்லை.

பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 1903-ல் திருத்தந்தைத் தேர்தலில் கர்தினால் ரம்போல்லா முன்னணியில் இருந்தபோது, கிராகோவ் கர்தினால் புசீனா எழுந்து, ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் யோசேப்பின் பெயரால், அவர் திருத்தந்தை ஆகக்கூடாது என்று தடை வாசித்தார். இறுதியில் வேறொருவர் பத்தாம் பயஸ் ஆனார். அவர் மறு ஆண்டே அந்தத் தடையுரிமையை ஒழித்துக்கட்டினார். அந்தத் தடைக்குப் பிறகு பதவிக்கு வந்தவருக்கே அது பொறுக்கவில்லை!

“லீக்டன்ஸ்டைனைப் பாருங்கள்” என்பார்கள்; ஆஸ்திரியாவை ஒட்டி, இன்றும் கத்தோலிக்க அரச குடும்பம் ஆளும் குட்டி நாடு அது. கருக்கலைப்புச் சட்டத்துக்கு ஒப்புதல் தரமாட்டேன் என்று 2011-ல் அங்கே இளவரசர் அலோயிஸ் சொன்னது உண்மை. ஆனால் அடுத்த ஆண்டு சட்டங்களைத் தடுக்கும் அரச குடும்பத்தின் உரிமையைக் காப்பாற்றியது பொதுவாக்கெடுப்பு. 76 சதவீதம் பேர் போட்ட ஓட்டில் நிற்கிற கிரீடம் அது. அதைத் தூக்கிக்கொண்டு போய், கத்தோலிக்கர்கள் சிறுபான்மையாக இருக்கும் ஜெர்மனியில் யார் தலையில் வைப்பது?

கார்லின் மகன் ஓட்டோ இதையெல்லாம் நம்மைவிட நன்றாக அறிந்தவர். 1961-ல் அரியணை உரிமையைக் கைவிட்டார். 1979-ல் பவேரியக் கட்சி ஒன்றின் சார்பில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்குப் போனார். 1988 அக்டோபரில் அதே மன்றத்தில் இரண்டாம் ஜான் பால் பேசும்போது, வட அயர்லாந்தின் சீர்திருத்தச் சபைப் போதகரும் அரசியல்வாதியுமான இயன் பெய்ஸ்லி எழுந்து, “அந்திக்கிறிஸ்து” என்று கூச்சலிட்டுப் பதாகையைத் தூக்கினார். பாய்ந்து போய் அந்தப் பதாகையைப் பிடுங்கியவர் ஓட்டோ. அப்போது அவருக்கு வயது 75. கையில் இருந்தது ஓர் எம்.பி. பதவி மட்டுமே.