அந்தத் தம்ளர் தண்ணி

சனிக்கிழம சாயங்காலம் ஆழ்வார்பேட்டைல ஒரு நாடகம் பாத்தேன். ரெண்டே பேரு நடிச்சது. எண்பது பேரு உக்காந்தாலே முட்டிக்கிற மாதிரி சின்ன ஹால், ஏசி ஒரு பக்கம் உறுமிக்கிட்டே இருந்துச்சு, லேட்டா போனதால முன்னாடி பாய்லதான் எடம் கெடச்சுது. கதைய முழுசா போட்டு உடைக்கப்போறேன், அதனால நாடகத்தோட பேரையோ குழுவோட பேரையோ சொல்லல. இன்னும் ஷோ இருக்காம்.

ஒரு அம்மா, ஒரு லாரி டிரைவர். அந்தம்மாவோட பையன தண்ணி லாரி அடிச்சு ஸ்பாட்லயே போயிட்டான். ஓட்டினவன் ஒன்றர வருஷம் உள்ள இருந்துட்டு வெளிய வர்றான், இவங்க அவன எதையோ சொல்லி வீட்டுக்கு வரவச்சு தாப்பாள் போட்டுடறாங்க. அவ்ளோதான் கதை. அஜாக்கிரதையால ஒருத்தர சாகடிச்சா போடுற பழைய 304ஏ பிரிவுல அதிகபட்ச தண்டனையே ரெண்டு வருஷம்தான், 2024 ஜூலைல வந்த புது சட்டத்துலதான் அத அஞ்சா ஆக்கினாங்க. "ரெண்டு வருஷம்னா என்னடா, ஒரு பிளஸ் டூ, அவ்ளோதானே"ன்னு அந்தம்மா கேக்குற எடத்துல ஹால்ல நாலு பேரு சிரிச்சுட்டு உடனே வாய மூடிக்கிட்டாங்க.

மேடைல ரெண்டு பிளாஸ்டிக் சேர், நடுவுல ஒரு ஸ்டூல், ஸ்டூல் மேல ஒரு சொம்பு, ஒரு எவர்சில்வர் தம்ளர். வேற ஒண்ணும் கெடயாது. அந்தம்மா மொத வேலையா தம்ளர்ல தண்ணி ஊத்தி அவன் பக்கம் தள்ளுறாங்க. அவன் தொடல. பத்து நிமிஷம் ஆச்சு, இருபது நிமிஷம் ஆச்சு, தொடவே இல்ல. எனக்குப் பின்னாடி ஒருத்தர் "விஷம்டி, வேணா பாரு"ன்னு பொண்டாட்டி காதுல சொல்றாரு, நானும் அதத்தான் நெனச்சுட்டு இருந்தேன், உண்மையச் சொன்னா அவன் எப்ப குடிப்பான்னு காத்துக்கிட்டு இருந்தேன். குடிக்கணும்னு ஆசப்பட்டேன்.

கொறையையும் சொல்லிடறேன். மொத இருபது நிமிஷம் அந்தம்மாவா நடிச்சவங்க சினிமாத்தனமா அழுதாங்க. ரெண்டு அடி தள்ளி உக்காந்திருக்கேன், எனக்கு எதுக்கு அவ்ளோ சத்தம். அப்பப்ப ஒரு வயலின வேற ஓடவிட்டாங்க, எங்க அழணும்னு கை காட்டி விடுற மாதிரி. எடுத்துக் கடாசிடலாம். டிரைவரா நடிச்சவரு வேற ரகம். மனுஷன் பாதி நாடகம் லுங்கி முனையத் திருகிக்கிட்டே உக்காந்திருந்தாரு, வெளிய எங்கயோ லாரி ஹாரன் சத்தம் கேட்டப்ப தோள்பட்ட மட்டும் ஒரு தடவ தூக்கிப் போட்டுச்சு. அது நாடகத்துல வச்ச சத்தமா நெஜமாவே டிடிகே ரோட்டுல போன லாரியான்னு இப்ப வரைக்கும் தெரியல.

நாடகம் நெமிந்து உக்காந்தது செருப்புலதான். "ஒத்தச் செருப்பத்தான் குடுத்தாங்க, இன்னொண்ணு எங்க?"ன்னு அந்தம்மா கேக்குறாங்க, கத்தல, காய்கறி வெல கேக்குற மாதிரி கேக்குறாங்க. அவன் ரொம்ப நேரம் கழிச்சு, "நாந்தாம்மா எடுத்து சென்டர் மீடியன்ல வச்சேன், வண்டிங்க மிதிச்சிட்டுப் போவுதுன்னு"ன்னு சொல்றான். அதுவரைக்கும் அவன் ஓடிப்போயிட்டான்னுதான் அந்தம்மாவும் நெனச்சுட்டு இருந்தாங்க, நாமளும் நெனச்சுட்டு இருந்தோம். அவன் ஓடல. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அந்தப் பையன் தலைய மடில வச்சுக்கிட்டு ரோட்டுல உக்காந்திருக்கான். பையன் தண்ணி கேட்டிருக்கான். பின்னாடி 12,000 லிட்டர் நிக்குது. சுத்தி நின்னவங்க "அடிபட்டவனுக்குத் தண்ணி குடுக்காதய்யா"ன்னு சொன்னதால இவன் குடுக்கல. ஸ்பாட்லயே போயிட்டான்னு போலீஸ் சொன்னது பொய்யின்னு அந்தம்மாவுக்கு அப்பத்தான் தெரியுது.

அப்புறந்தான் அந்தத் தம்ளர அவன் ஏன் தொடலன்னு நமக்கு வெளங்குது.

கடைசில என்ன ஆவுதுன்னா, ஒண்ணும் ஆவல. தம்ளர் தட்டி விழுது, தண்ணி ஓடி வந்து என் பாய நனைக்குது, அந்தம்மா சேர அவன் பக்கத்துல இழுத்துப் போட்டுக்கிட்டு "மொதல்லேர்ந்து சொல்லுப்பா"ன்னு சொல்றாங்க. அவன் ஆரம்பிக்கிறான், லைட் அணையுது. கவனிச்சீங்களா, நாடகம் ஆரம்பிக்கும்போது அவன் "டேய்", நடுவுல "நீ", கடைசில "சொல்லுப்பா". இத எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு.

வெளிய வந்தா பார்க்கிங்ல ஒரே பொலம்பல். "சப்புன்னு முடிச்சுட்டாங்க", "அட ஒரு அறையாச்சும் விட்டிருக்கலாம்". கூட வந்த நண்பன், "ரெண்டு பேர வச்சு ஒன்றர மணி நேரம் ஓட்டுறதெல்லாம் வெள்ளக்காரன் பழக்கம்டா, நமக்கு செட் ஆவாது"ன்னான். அடப்பாவி. கர்ண மோட்சம் கூத்துல கர்ணன் போருக்குக் கெளம்புற எடம் பாத்திருக்கானா அவன்? அவன் பொண்டாட்டி பொன்னுருவியும் கர்ணனும் மாத்தி மாத்திப் பாடுவாங்க, போனா திரும்ப மாட்டான்னு ஊருக்கே தெரியும், அப்பவும் சனம் விடிய விடிய தூங்காம உக்காந்திருக்கும். தெருக்கூத்து மேல இருந்த பைத்தியத்துலதான் நாடகம் எழுதுற ந. முத்துசாமி 1977ல இதே ஊர்ல கூத்துப்பட்டறைங்கற நாடகக் குழுவ ஆரம்பிச்சாரு. ரெண்டு பேரு, ஒரு சாவு, ஒரு ராத்திரி, இது நம்ம சொத்துய்யா.

நான் சொல்ல வர்றது இதான். அந்தம்மா அவனக் கொல்லத்தான் கூப்ட்டாங்க, அதுல சந்தேகம் இல்ல. ஆனா அவங்க பையனோட கடைசி நிமிஷம் இந்த ஒலகத்துல ஒரே ஒரு ஆளோட தலைக்குள்ளதான் இருக்கு, அந்த ஆளு இவன். இவன் செத்தா அதுவும் போச்சு. மேடைல மூணாவதா ஒருத்தர் இருந்திருந்தா, ஒரு போலீசோ மருமகளோ யாரோ, இது இவ்ளோ பச்சையா தெரிஞ்சிருக்காது. ரெண்டே பேருங்கும்போது ஒருத்தரக் கொன்னா மிச்சம் இருக்குறவங்க சும்மா செவுத்தப் பாத்துப் பேசவேண்டியதுதான்.

வீட்டுக்குப் போறப்ப பீச் ரோடு வழியாத்தான் போனேன், ராயபுரம் போறவனுக்கு வேற வழி ஏது. கண்ணகி சிலைகிட்ட சிக்னல். 1968ல வச்ச சிலை, 2001ல ராத்திரியோட ராத்திரியா எடுத்தாங்க, 2006ல திரும்ப வச்சாங்க, அந்தம்மாவுக்கு எடம் மாறி எடம் மாறி அலைச்சல்தான். சிலம்பத் தூக்கிட்டு நிக்கிறாங்க. சபைல நடந்ததும் கிட்டத்தட்ட ரெண்டு பேரு நாடகந்தானே, இவங்களும் பாண்டியனும். சிலம்ப ஒடச்சு மாணிக்கப்பரல் தெறிச்சதும் அவன் "யானோ அரசன், யானே கள்வன்"னு சொல்லிட்டு அங்கயே விழுந்து செத்துட்டான், கூடவே ராணியும் போயிட்டா. இவங்க கேக்க வந்தது இன்னும் பாதி வாய்லயே இருக்கு, எதிர்ல ஆளு இல்ல. மதுர எரிஞ்சது அதனாலன்னு எனக்கு அன்னைக்குத்தான் தோணுச்சு. தமிழ் வாத்தியாருங்க யாராச்சும் திட்டினா திட்டிக்கோங்க.

இத எழுதணும்னு உக்காந்ததுக்குக் காரணம் வேற. எங்க பெரியம்மா பையன், 24 வயசு, 2014ல மாதவரத்துகிட்ட லாரில அடிபட்டு செத்துட்டான். நஷ்டஈடு கேஸ் ஐகோர்ட் வளாகத்துக்குள்ள இருக்குற சிறு வழக்கு கோர்ட்டுல நாலு வருஷம் நடந்துச்சு, பெரியம்மாவ எல்லா வாய்தாவுக்கும் நாந்தான் பைக்ல கூட்டிட்டுப் போவேன். அதே வளாகத்துலதான் மனுநீதிச் சோழன் சிலையும் இருக்கு. தேர்க்கால்ல கன்னுக்குட்டி அடிபட்ட கேஸு. அங்க சிவன் வந்து கன்னுக்குட்டிய எழுப்பிவிட்டதால பசு வீட்டுக்குப் போயிடுச்சு. இங்க கணக்குப் போடுவாங்க. கல்யாணம் ஆவாத பையன்னா சம்பளத்துல பாதிய அவன் சொந்தச் செலவுன்னு கழிச்சுட்டு, மீதிய வருஷக் கணக்காக்கி, அந்த வயசுக்கு 18ஆல பெருக்கணும், 2009ல சுப்ரீம் கோர்ட் சொன்ன டேபிள். வக்கீல் இத வெளக்கும்போது பெரியம்மா, "அவன் எங்க செலவு பண்ணான், பஸ் காசு போக எல்லாத்தயும் எங்கிட்டதான் குடுப்பான்"னு சொன்னாங்க. வக்கீல் எழுதிக்கல.

அந்த டிரைவர் ஒரே ஒரு நாளு சாட்சி சொல்ல வந்தாரு. முடிச்சுட்டு வராண்டால நின்னுட்டு இருந்தாரு, பெரியம்மா விறுவிறுன்னு அவர் முன்னாடி போய் நின்னுட்டாங்க. அறையப்போறாங்கன்னு நெனச்சேன். "அவன் எதாச்சும் சொன்னானாப்பா?"ன்னு கேட்டாங்க. அந்த ஆளு வாயத் தொறந்தாரு. எதிர்த்தரப்பு சாட்சிகிட்ட பேசக்கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருந்ததால நான் பெரியம்மா கையப் புடிச்சு தரதரன்னு இழுத்துட்டு வந்துட்டேன். டீ வாங்கிக் குடுத்தேன். அவங்க குடிக்கல.

நேத்து பீரோவுல இருந்து ஜட்ஜ்மென்ட் காப்பிய எடுத்துப் பாத்தேன். அவரோட சாட்சியம் ஒன்றரப் பக்கம் இருக்கு. வேகம் எவ்ளோ, வளைவு எவ்ளோ தூரம், ஹெல்மெட் போட்டிருந்தானா, லைசென்ஸ் எப்ப ரினியூ பண்ணது, எல்லாம் இருக்கு. அண்ணன் எதாச்சும் சொன்னானான்னு ஒரு வரி இல்ல. யாரும் கேக்கல. மேல அவர் பேரு, அப்பா பேரு, திருத்தணி பக்கம் ஒரு கிராமம். பெரியம்மாவுக்கு இப்ப 71. அந்தப் பக்கத்த மட்டும் போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.