நார்மண்டியில் ஹிட்லரை ஏமாற்றியது ரப்பர் டாங்கிகளா?

"நார்மண்டி தரையிறக்கத்துக்கு முன் அமெரிக்காவின் 'பேய்ப் படை' இங்கிலாந்தில் காற்றடித்த ரப்பர் டாங்கிகளை நிறுத்தி ஹிட்லரை ஏமாற்றியது" என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அந்தப் படை இருந்தது உண்மை. சாதனைதான் இடம் மாறிவிட்டது.

சுமார் 1,100 பேர் கொண்ட அந்தப் படை தன் வேலையைக் காட்டியது, பிரான்சின் நார்மண்டி கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய 1944 ஜூன் 6-க்குப் பிறகு, ஐரோப்பிய மண்ணில். 1945 மார்ச்சில் ரைன் நதிக்கரையில் ரப்பர் டாங்கிகளை நிறுத்தி, பதிவு செய்த வாகன இரைச்சலை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, இரண்டு டிவிஷன்கள் (பெரிய ராணுவப் பிரிவுகள்) போல நடித்தது.

நார்மண்டிக்கான ஏமாற்று வேலை 'ஃபோர்டிடியூட்' என்ற தனித் திட்டம். படையெடுப்பு பிரான்சின் கலே பக்கம்தான் என நம்பவைக்க, அமெரிக்க ஜெனரல் பாட்டன் தலைமையில் இல்லாத ஒரு படையை நேச நாடுகள் உருவாக்கின. துறைமுகங்களில் போலிப் படகுகளும் நின்றன. ஆனாலும் அதிகம் சாதித்தது, ஜெர்மனிக்கு வேலை செய்வதுபோல் நடித்து பிரிட்டனுக்கு உழைத்த இரட்டை உளவாளிகளின் பொய்த் தகவல்தான். அவர்களில் ஹுவான் புஜோல் கில்லாடி: 27 கற்பனை உளவாளிகளைப் படைத்தவர். ஜூன் 9 அன்று, "நார்மண்டி வெறும் திசைதிருப்பல்" என்று ஜெர்மனிக்குச் செய்தி அனுப்பினார். ஜெர்மானியர்கள் அவருக்கு இரும்புச் சிலுவை என்ற தங்கள் ராணுவ விருதையே கொடுத்தார்கள்!

பிரிட்டனின் உள்நாட்டுப் பாதுகாப்பு உளவு அமைப்பான எம்.ஐ.5-இன் இணையதளத்தில் புஜோல் பற்றிய பக்கம் இருக்கிறது. ஃபோர்டிடியூட் கோப்புகள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்; அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தைக் கொடுங்கள்.